வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

லண்டனில் எங்கள் மாதக் கூட்டங்கள் வழமைபோல் நடந்தன. பொங்கல் விழாவுக்கு மண்டபம் கொள்ளாத சனம். நூல் விமர்சனம் என்றால்தான் பலருக்கும் அன்றைக்கு வேறு வேலை வந்துவிடுகிறது. அதை விடுவோம். இந்த ஆண்டு எங்கள் நேரத்தை விழுங்கியது இறுவட்டு விவகாரம்.

அங்கத்தவர்கள் தந்த தமிழ் நூல்களையும் திரைப்பட இறுவட்டுகளையும் நூலகத்துக்குக் கொடுக்கப் போனோம். நூல்களை நூலகர் சந்தோசமாக வாங்கிக்கொண்டார். படத் தட்டு ஒன்றின் உறையைத் திருப்பி, வீட்டில் பார்ப்பதற்கு மட்டும் என்று பொடி எழுத்தில் இருந்ததைக் காட்டினார். பெட்டி திரும்பி வந்தது. "சும்மா குடுக்கிறதையும் வேண்டாம் எண்டால் என்ன நியாயம்?" என்று அடுத்த கூட்டத்தில் பெரிய வாக்குவாதம். சரி என்று சட்டத்தைத் தேடி வாசித்தேன்.

பிரித்தானியாவில் நூலக இரவலுக்காக எழுத்தாளருக்குப் பணம் கொடுக்க 1979இல் சட்டம் வந்தது. பணம் அரசாங்கத்துடையது, வாசகர் எதுவும் கட்டத் தேவையில்லை. ஒருவருக்கு ஆண்டுக்கு உச்சம் 6,600 பவுண். ஒதுக்கும் தொகை மட்டானது என்பதால் இரவல் கூடினால் ஒரு இரவலுக்கான பென்ஸ் குறையும். கொரோனா காலத்தில் நூலகங்கள் பூட்டிக் கிடந்தபோது அது கூடியது! 2014 ஜூலையிலிருந்து ஒலிநூல் இறுவட்டுகளும் இதில் சேர்ந்தன. எழுதியவரோடு, குரல் கொடுத்தவருக்கும் தயாரிப்பாளருக்கும் பங்குண்டு.

பாட்டுக்கும் படத்துக்கும் இதில் இடமில்லை. அவற்றை நூலகம் இரவல் கொடுக்க உரிமையாளரின் சம்மதம் வேண்டும். அந்தச் சம்மதம் எங்கள் பெட்டியில் இருக்கவில்லை. அப்படிச் சம்மதம் பெற்ற இசைத்தட்டை எத்தனை பேர் கொண்டுபோனாலும், இசையமைப்பாளருக்கு இந்த நிதியிலிருந்து ஒரு பென்னி வராது. ஜெர்மனியில் நூலோடு ஒலி, ஒளித் தட்டுகளுக்கும் சேர்த்தே மத்திய அரசும் மாநிலங்களும் கட்டுகின்றன; உரிமைச் சங்கங்கள் பகிர்ந்து கொடுக்கின்றன. எனக்கு அதுதான் நேர்மையாகப் படுகிறது.

"இந்தியாவில இதெல்லாம் ஆர் பாக்கினம்?" என்று ஒருவர் கேட்டார். அங்கேயும் சட்டம் இருக்கிறது. 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, முறையாக வாங்கிய தட்டை இலாப நோக்கமில்லாத நூலகம் இரவல் கொடுத்தால் அது வணிக வாடகை ஆகாது. எங்கள் பெட்டி சென்னையில் ஒரு பொது நூலகத்துக்குப் போயிருந்தால் இந்தச் சிக்கலே இல்லை. படைப்பாளிக்கு இரவல் பணமும் இல்லை.

இன்னொரு விடயம். யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ இருக்கும் எழுத்தாளரின் நூல் இங்கே இரவல் போனாலும் அவருக்குப் பணம் கிடையாது. பிரித்தானியாவிலோ ஐரோப்பியப் பொருளாதார வலயத்திலோ வசிக்க வேண்டும். எங்கள் வட்டத்தில் நூல் வெளியிட்டவர்கள் பலர் இருக்கிறார்கள், இந்த இரவல் பணத்துக்குப் பதிந்தவர்களைக் காணோம். "ஆர் எங்கட புத்தகத்தை எடுக்கப்போயினம்?" என்ற தன்னடக்கம் வேண்டாம். ஜூன் 30க்கு முன் பதியுங்கள். இணையப் படிவம் நிரப்புவதற்குச் செயற்குழு உதவும்.

படத் தட்டுகளைத் தந்தவர்கள் திருப்பி வாங்கிக்கொள்ளவும். கணக்கறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார்.

செயலாளர்