நகைக்கடையைத் தாண்டியும் வைரம் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆய்வகத்தில் வளர்க்கும் வைரம் என்றாலே ‘அசலா, போலியா, திருப்பிக் கொடுத்தால் எடுத்துக்கொள்வார்களா’ என்று நகைக்கடை வாசலிலேயே நின்றுவிடுகிறோம். நாளிதழ்களும் அப்படித்தான். மோதிரத்தில் ஏறாத, மெல்லிய பூச்சாக வளர்க்கும் வைரப் படலத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இந்தப் படலத்தை வளர்க்க, வைரத்தூள் தேய்த்த சிலிக்கான் தகட்டைக் காற்று நீக்கிய கலத்தில் வைத்து, ஹைட்ரஜனோடு துளி மீத்தேன் விட்டு, மைக்ரோவேவால் சூடேற்றுகிறார்கள். உள்ளே ஊதா நிறத்தில் ஒரு நெருப்புப் பந்து மிதக்கும். தகட்டின் சூடு 800 டிகிரி அளவில். மீத்தேனின் கார்பன் தகட்டில் படியும்; கரியாகப் படிந்ததை ஹைட்ரஜன் அணுக்கள் அரித்துத் தள்ளிவிடும், வைரமாகப் படிந்தது தங்கும். பெரும்பாலும் மணிக்கு ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு)தான் வளரும். தலைமுடிக் கனத்துக்கே மூன்று நாள்! அப்புறம் எடுத்துப் பார்த்தால் ஜொலிப்பு கிடையாது, சாம்பல் பூத்த மாதிரி இருக்கும்.

ஆனால் நல்ல படலம் செம்பைவிட நான்கைந்து மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும், மின்சாரத்தைக் கடத்தாது. சூடேறும் கணினிச் சிப்புகளுக்கு வேறென்ன வேண்டும்? வெட்டுக்கருவிகளுக்கும் இதைப் பூசுகிறார்கள்.

ஆய்வக வைர ஆராய்ச்சிக்காக 2023இல் சென்னை ஐஐடிக்கு மத்திய அரசு ஐந்தாண்டுக்குச் சுமார் 243 கோடி ரூபாய் ஒதுக்கியது. சரி, அதில் படலங்களுக்கு என்ன நடக்கிறது? உங்கள் நிருபர் ஒருமுறை நேரில் போய்ப் பார்த்து எழுதினால் என்ன?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
திருச்சி