கடல்நீர்த் தொட்டி வளர்ப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், சிரமம் பார்க்காமல் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு மாதாந்திரக் கூட்டங்கள் பத்து நடந்தன. பவளத் துண்டுகளை இருமுறை பரிமாறிக்கொண்டோம். உப்பை மொத்தமாக வாங்கிப் பிரித்துக் கொடுத்தோம்.

அப்புறம், பொதுத்தொட்டி. அதில் விட்ட நீல லிங்கியா என்ற கடல் நட்சத்திரம் செத்ததற்குச் செயலாளர்தான் காரணம் என்று பேச்சு அடிபடுவதாகக் கேள்விப்பட்டேன். என்னிடமே கேட்டிருக்கலாம். அது பையில் வந்த தண்ணீரின் அடர்த்தி 1.021, நம் தொட்டியில் 1.025; எண் கூடினால் உப்பு கூடுதல். கடல் நட்சத்திரத்தின் உடம்புக்குள் ஓடுவதே பெரும்பாலும் கடல்நீர்தான். உப்பு சட்டென்று ஏறினாலோ இறங்கினாலோ அது தாங்காது. மூன்று மணி நேரமாவது தொட்டித் தண்ணீர் சொட்டுச்சொட்டாக விழட்டும் என்று குழாயைக் கட்டிவிட்டுப் போனேன். முக்கால் மணி நேரத்தில், "போதும் சார், தெம்பாத்தான் இருக்கு" என்று ஒருவர் எடுத்து உள்ளே விட்டுவிட்டார். (பெயர் வேண்டாம். அவர் சந்தா பாக்கி தனிக் கதை.) நாலாம் நாள் ஒரு கையின் நுனி வெளுத்தது. அப்புறம் கண்ணாடியைப் பிடித்திருந்த குழாய்க்கால்கள் (அடியில் இருக்கும் சின்னச் சின்ன உறிஞ்சுகால்கள்) ஒவ்வொன்றாக விட்டன. ஆறாம் நாள் தொட்ட இடம் கூழாக வந்தது. அன்றிரவே எடுத்துவிட்டேன், விட்டிருந்தால் அமோனியா ஏறி மற்றதும் போயிருக்கும்.

அடுத்து வந்த சிவப்பு ஃப்ரோமியா என்ற இன்னொரு கடல் நட்சத்திரத்துக்கு நாலு மணி நேரம் ஸ்டூல் போட்டு நானே உட்கார்ந்தேன். காற்றுப் படாமல் தண்ணீரோடு ஒரு கிண்ணத்தில் எடுத்து விட்டேன். எட்டு மாதமாகப் பாறையில் படிந்த படலத்தை மேய்ந்துகொண்டிருக்கிறது. இன்னொன்று விடலாமே என்கிறார்கள். பாறையில் மேய்ச்சல் போதாவிட்டால் இரண்டும் மாதக்கணக்கில் சுருங்கித்தான் சாகும். சாக்லேட் சிப் நட்சத்திரத்தை அன்பளிப்பாகக் கொண்டுவந்தவரைத் திருப்பி அனுப்பியதில் அவருக்கு வருத்தம். அது பவளத்தைத் தின்னும், நான் என்ன செய்ய? மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தபோது தாமிர மருந்து ஊற்றச் சொன்னவருக்கும் இதே பதில்தான்: மீன் பிழைக்கும், நட்சத்திரம் பிழைக்காது.

தண்ணீர் ஊற்றும் முறைப்பட்டியலில் பதினாலு பேர் கையெழுத்துப் போட்டீர்கள். வந்தது நாலு பேர். அதில் ஒருவர், ஆவியான தண்ணீருக்கு ஈடாக உப்புநீரையே ஊற்றிவிட்டார். ஆவியாவது தண்ணீர் மட்டும்தானே, உப்பு தொட்டியிலேயே நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை அளந்தால் 1.028. கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, ஆர்ஓ தண்ணீர் விட்டு இறக்க இரண்டு நாள் ஆனது. அதுவரை ஃப்ரோமியா ஒரு மூலையை விட்டு நகரவில்லை.

வரவும் செலவும் ஏறக்குறைய சரியாகவே இருக்கின்றன. சில்லறைச் செலவுகள் என் கையிலிருந்து போயிருக்கின்றன. ரசீதுகள் கவரில் உள்ளன, யாரும் கேட்கவில்லை. சந்தா கட்டியவர்கள் பாதிக்குச் சற்று மேல். பொருளாளருக்கும், இடம் தந்தவருக்கும், டீ போட்டவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டும் செயலாளராக இருக்க எனக்கு ஆசை இல்லை. சொல்வதைச் சொல்லிவிட்டேன். தானாகத் தண்ணீர் நிரப்பும் கருவி ஒன்று வாங்கினால் யாரும் வரவேண்டியதே இல்லை; பாக்கிச் சந்தா வந்தாலே அதற்குப் போதும். அதுவரை தொட்டி அறைச் சாவி என்னிடம் இருக்கிறது, ஞாயிறு காலை யார் வருவதென்று சொன்னால் கொடுத்துவிடுகிறேன். உப்பு அளக்கும் சங்கத்து ரிஃப்ராக்டோமீட்டரை வாங்கிப்போனவர் தயவுசெய்து திருப்பித் தரவும். இப்போது அளப்பது என்னுடையதில்.