சாக் கணக்கும் 40 கஜ ஓட்டமும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீகான என்எஃப்எல்லின் டிராஃப்ட் (கல்லூரி வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) நெருங்கும்போதெல்லாம், டிஃபென்சிவ் லைன் எனப்படும் முன்வரிசைத் தற்காப்பு வீரர்களைப் பற்றிய செய்திகளில் இரண்டு எண்களே முன்னால் நிற்கின்றன: கல்லூரியில் எடுத்த சாக்குகள் (பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கை எறியும் முன்பே வீழ்த்துவது), 40 கஜம் ஓடிய நேரம். இவற்றை நம்பி ஆளை எடை போட முடியாது. ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் வெர்னான் கோல்ஸ்டன் 2007-இல் 14 சாக் எடுத்தார். தேர்வு முகாமில் 225 பவுண்டு எடையை 37 முறை தூக்கினார். 2008-இல் ஜெட்ஸ் அணி 6-ஆவது வீரராக எடுத்தது. என்எஃப்எல்லில் அவர் ஒரு சாக் கூட எடுக்கவில்லை. மறுபக்கம், 40 கஜத்தில் மெதுவாக ஓடியதால் மதிப்பிறங்கிய டெரல் சக்ஸ் 2003-இல் 10-ஆவதாகப் போய், 139 சாக்குகளுடன் ஓய்வு பெற்றார்.

டிஃபென்சிவ் லைனில் ஆடுபவர் நேர்கோட்டில் 40 கஜம் ஓடும் சந்தர்ப்பமே அபூர்வம். அதே ஓட்டத்தில் முதல் 10 கஜத்துக்குத் தனியாக நேரம் குறிக்கிறார்கள். பார்க்க வேண்டியது அதைத்தான். வரிசையின் விளிம்பில் ஆடுபவருக்கு மூன்று கூம்புகளைச் சுற்றும் ஓட்டமும் முக்கியம். வேகம் குறையாமல் உடலைச் சாய்த்து வளையத் தெரியாதவர், டேக்கிளை (எதிரணித் தடுப்பு வரிசையின் ஓரத்தில் நிற்பவர்) தாண்டி வெளியே ஓடிவிடுவார். குவார்ட்டர்பேக் ஓரடி முன்னால் நகர்ந்து தப்பிவிடுவார். எடை தூக்குவதில் நீளக் கைக்காரருக்கு எண்ணிக்கை குறைவது இயல்பு, கம்பி அதிக தூரம் ஏற வேண்டுமே. ஆனால் களத்தில் அந்தக் கைதான் எதிராளியின் மார்பை முதலில் தொடும். விளிம்பு வீரரிடம் 33 அங்குலத்துக்குக் குறையாத கையைப் பல அணிகள் எதிர்பார்ப்பது இதனால்தான்.

மீதியை ஆட்டப் பதிவில்தான் காண முடியும். தொலைக்காட்சி கேமரா பந்தின் பின்னால் போய்விடும். கோல் பக்கத்திலிருந்து எடுத்த பதிவு வேண்டும். பந்து அசைந்ததும் அசைகிறாரா, பக்கத்து ஆளைப் பார்த்து அசைகிறாரா? இரண்டு பேர் சேர்ந்து தள்ளும்போது முழங்கால் மடங்கியிருக்கிறதா? நிமிர்ந்துவிட்டால் 320 பவுண்டு ஆளும் பின்னால் போவார். 6 அடி 1 அங்குலம்கூட முழுதாக இல்லாத ஆரன் டானல்டை 2014-இல் குள்ளம் என்று தயங்கினார்கள், 13-ஆவதாகத்தான் போனார். தாழ்ந்த தோளும் விரைந்த கையும் அவரை மூன்று முறை ஆண்டின் சிறந்த தற்காப்பு வீரராக்கின.

சாக்குகளையும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். யாரும் தடுக்காமல் வந்ததா, மற்றொருவர் துரத்தியதில் கைக்குக் கிடைத்ததா, டேக்கிளைத் தானே வென்றதா? முதல் உத்தி தடுக்கப்பட்டதும் இரண்டாவது உத்தி இல்லாமல் நின்றுவிடுபவர்தான் தொழில்முறை ஆட்டத்தில் அதிகம் தடுமாறுகிறார். குறைந்த சாக் இருந்தாலே ஒதுக்கவும் கூடாது: டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் ஷெமார் ஸ்டூவர்ட் மூன்று பருவங்களில் எடுத்தது 4.5 மட்டுமே, உடல் திறனை நம்பி பெங்கால்ஸ் அணி 2025-இல் 17-ஆவதாக எடுத்தது. ஆனாலும் எனக்கு அது அபாயமுள்ள துணிச்சலாகவே படுகிறது. ஏனென்றால் வேகத்தைவிடக் கையாட்டத்தைக் கற்பிக்க அதிக காலம் பிடிக்கும்.

அடுத்த டிராஃப்ட் செய்தியில் 10 கஜ நேரம், கை நீளம், ஓர் ஆட்டத்தில் சராசரியாக எத்தனை முறை களத்தில் நின்றார், கார்டுக்கு (டேக்கிளுக்கு உள்பக்கம் நிற்கும் தடுப்பாளர்) எதிரில் நின்றாரா டேக்கிளுக்கு வெளியிலா என்ற நான்கையும் சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், டாலஸ்