வானியல் மன்றச் செயலாளரின் ஆண்டறிக்கை – 2025

தலைவர் அவர்களுக்கும், உறுப்பினர்களுக்கும், பேரப்பிள்ளைகளைக் கூட்டி வந்திருக்கும் ஆச்சிமார்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. ஒன்று மட்டும் கல்யாண முகூர்த்தத்தில் மாட்டிக்கொண்டது. அன்று நானும் பொருளாளரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வந்தோம். வரவு செலவை அவரே வாசிப்பார்.

ஆண்டின் பெரிய நிகழ்ச்சி செப்டம்பர் 7 முழு சந்திர கிரகணம். காரைக்குடியில் உறுப்பினர் ஒருவர் வீட்டு மொட்டை மாடியில் கூடினோம். இரவு 11 மணிக்கு நிலா முழுதாக நிழலுக்குள் போய், 82 நிமிடம் பழைய செம்புக் குடம் மாதிரி இருந்தது. நடுவில் மேகம் மறைத்தபோது ஒரு பையன் கேட்டான்: “இது ஒரேயடியாப் போயிட்டா என்ன ஆகும்?” அடுத்த மூன்று கூட்டங்களை அந்தக் கேள்வியே எடுத்துக்கொண்டது.

முதலில் கடல். நமக்குக் கடல் என்றால் தொண்டிதான். அங்கே ஏற்றவற்றம் பெரிதாகத் தெரியாது. ஆனால் ரங்கூன் ஆற்றில் பல அடி உயரத்துக்கு ஏறி இறங்கும். பர்மாவுக்குக் கொண்டுவிற்க, அதாவது வியாபாரம் செய்யப் போன நம் ஐயாக்களின் கப்பல்களும் அந்த ஓதம், அதாவது ஏற்றவற்றம் பார்த்துத்தான் கரைக்குப் போயிருக்கும். நிலா இல்லாவிட்டாலும் சூரியனால் ஓதம் உண்டு. ஆனால் சூரியனின் பங்கு நிலாவின் பங்கில் பாதிக்கும் குறைவு. நாளுக்கு 50 நிமிடம் போலத் தள்ளிப்போவதும் இருக்காது, தினமும் ஒரே நேரம்தான்.

அந்த ஓதம்தான் பூமியின் சுழற்சிக்குப் பிரேக். 40 கோடி ஆண்டுக்கு முந்தைய பவளப் படிமங்களின் வளர்ச்சிக் கோடுகளை எண்ணினால் ஆண்டுக்கு ஏறக்குறைய 400 நாள் வருகிறது; அதாவது நாளுக்கு 22 மணி நேரம். பூமியைத் தடுத்த கணக்கில் நிலாவும் ஆண்டுக்கு 3.8 செ.மீ. விலகிப் போகிறது. 1969இல் அப்போலோ 11 வைத்துவிட்டு வந்த பிரதிபலிப்பானில் லேசர் அடித்து அளந்திருக்கிறார்கள். நிலாவே இருந்திராவிட்டால் பகல் இன்னும் சுருங்கியிருக்கும். நம் ஊர்க் கல்யாணப் பந்தியை எதில் நடத்துவது?

பூமி தலைகுப்புறச் சாயும் என்று ஒரு துண்டறிக்கை வந்தது. அதை அப்படியே படிக்க வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன், கொஞ்சம் மனத்தாங்கல். ஆத்தங்குடிக்கல் தரையில் பம்பரம் விட்டுக் காட்டினோம். பூமியின் அச்சும் அப்படித்தான் தலை சுற்றுகிறது, ஒரு சுற்றுக்குச் சுமார் 26,000 ஆண்டு. நிலா போனால் அது மெதுவாகிவிடும். மற்றக் கோள்களின் இழுப்போடு தாளம் சேர்ந்து சாய்வு தள்ளாடத் தொடங்கும். 1993இல் 85 பாகை வரைகூடப் போகலாம் என்று கணக்கிட்டார்கள். 2012இல் வந்த கணக்கோ, கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு அவ்வளவு மோசமாகாது என்கிறது. பழைய கணக்கை மட்டும் சொல்லிப் பிள்ளைகளைப் பயமுறுத்துவது சரியில்லை.

எல்லாம் கேட்ட ஓர் ஆச்சி, “சரிப்பா, சஷ்டியும் சதயமும் கூடுற நாள் பார்த்துத்தானே பிள்ளையார் நோன்புக்கு இழை எடுக்கிறோம்? நிலா இல்லாமத் திதி ஏது, நட்சத்திரம் ஏது?” என்றார். மேடையில் இருந்த எங்கள் யாருக்கும் அது தோன்றவில்லை. வரும் ஆண்டின் முதல் கூட்டத்தில் பஞ்சாங்கக் கணக்கைப் பற்றிப் பேச அவரையே கேட்டிருக்கிறோம், சம்மதித்துவிட்டார்.

கடைசியாக, கிரகண இரவு மாடிக்கு எடுத்துப் போன இரண்டு பவானி ஜமுக்காளங்கள் இன்னும் திரும்பவில்லை. வைத்திருப்பவர்கள் பொருளாளரிடம் சேர்த்துவிடவும்.

செயலாளர்