மோட்டார் தொட்டியில என் தம்பிய படுக்க வச்சவங்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம்ங்க. மன்னார்குடி பக்கத்துல எங்க ஊரு. போன கத்திரில ஓடிக்கிட்டு இருக்கும்போதே சுருண்டு விழுந்த பையனோட அக்கா நான். தம்பி இப்ப நல்லா இருக்கான், தஞ்சாவூர் மெடிக்கல்ல அஞ்சு நாள் வச்சிருந்து அனுப்பிட்டாங்க. ஒவ்வொரு வீடா வந்து சொல்லணும்னுதான் நெனச்சேன், பேச ஆரம்பிச்சா அழுக வந்துடுது, அதான் எழுதுறேன்.

மொதல்ல மன்னிச்சுக்குங்க. நான் ஓடி வந்தப்ப பம்புசெட்டு தாத்தாவும் பருத்தி எடுத்துக்கிட்டு இருந்த அக்காங்களும் அவன தொட்டிக்குள்ள கழுத்தளவு தண்ணில படுக்க வச்சு, தல முங்கிடாம தாங்கிப் புடிச்சுக்கிட்டு இருந்தீங்க. ஆஸ்பத்திரிக்குத் தூக்காம என்ன பண்றீங்க, சாவடிக்கப் பாக்குறீங்களான்னு கேட்டுட்டேன். தாத்தா ஒரு வார்த்தை திருப்பிப் பேசல. ரிட்டையர்டு பி.டி. சார்தான் "108க்கு சொல்லியாச்சும்மா, அது வர்றதுக்குள்ள சூட்ட எறக்கணும், இப்படியே வண்டில ஏத்துனா போற வழியிலயே கொதிச்சுடுவான்"னு சொல்லி என்னையும் அவன் கால தேய்க்க வச்சாரு.

அப்புறம்தான் டாக்டரம்மா வெவரமா சொன்னாங்க. இது ஓடும்போது வர்ற ஹீட் ஸ்ட்ரோக்காம், உடம்புக்குள்ள சூடு 104 டிகிரிக்கு மேல போயிடும், விழுந்த அரை மணி நேரத்துக்குள்ள அத எறக்குனா புள்ளைய முழுசா மீட்க நெறைய வாய்ப்பு இருக்கு, லேட் ஆக ஆக மூளை, கிட்னி, ஈரல்னு அடி வாங்கிக்கிட்டே போகும்னாங்க. அவனுக்கு மூணு நாள் ஒண்ணுக்கு கடுங்காப்பி நெறத்துல போச்சு, சதை கரைஞ்சு கிட்னில போய் அடைக்குறதாம், பாட்டில் பாட்டிலா ட்ரிப்ஸ் ஏத்துனாங்க. தொட்டித் தண்ணி இல்லன்னா என்ன ஆயிருக்கும்னு அவங்களும் சொல்லல, நானும் கேக்கல.

நான் ஏமாந்தது எங்கன்னா, அவனுக்கு வேர்த்துக் கொட்டுச்சு. வெயில் அடிச்சா தோலு காஞ்சு போகும்னுதானே கேள்விப்பட்டிருக்கோம், அதனால வலிப்புன்னு நெனச்சு சாவியக் கையில திணிச்சேன். ஓடி விழுந்தவங்களுக்கு பெரும்பாலும் வேர்வை இருந்துக்கிட்டேதான் இருக்குமாம். கேட்டதுக்கு சம்பந்தம் இல்லாம ஒளறுறது, ஆளு தெரியாம மொறைக்குறது, தள்ளாடுறது, இதத்தான் பாக்கணும்னாங்க. ஒருத்தர் சோடாவ வாயில ஊத்த வந்தப்ப தட்டி விட்ட பெரியம்மா, நெனவு இல்லாதவனுக்கு ஊத்தியிருந்தா நுரையீரலுக்குப் போயிருக்கும்னு டாக்டரம்மா உங்களத்தான் பாராட்டுனாங்க. காச்ச மாத்திரை வாங்க கடைக்கு ஓடுன தம்பிக்கும் நன்றிப்பா, ஆனா இந்த சூட்டுக்கு அது கேக்காதாம்.

அவன் மேலயும் தப்பு இருக்கு, எங்க மேலயும் இருக்கு. போலீஸ் செலக்‌ஷனுக்கு 1500 மீட்டர 7 நிமிஷத்துல ஓடணும்னு, சென்னையில ஏசி ஷோரூம் வேலைய விட்டுட்டு வந்த மூணாவது நாளே மத்தியானம் மூணு மணிக்கு ஓடப் போயிட்டான், அந்த வாரம்தான் காச்ச வேற வந்து விட்டிருந்துச்சு. வேர்த்தா வெயிட்டு கொறையும்னு போட்டிருந்த ஜாக்கெட்டு நான் வாங்கிக் குடுத்தது. உடம்பு வெயிலுக்குப் பழகவே ஒண்ணு ரெண்டு வாரம் ஆகுமாம், நம்ம பக்கம் காத்துல ஈரம் வேற, வேர்வை காயாம வழிஞ்சா சூடு எறங்காதாம். ஓடுற மத்த பசங்களும் கேட்டுக்குங்கப்பா, விடியக்காலைல ஓடுங்க, கொஞ்சம் கொஞ்சமா கூட்டுங்க, காச்ச அடிச்சு எந்திரிச்ச வாரம் ஓடாதீங்க, தனியா போகாதீங்க.

அந்த நேரம் மோட்டார் ஓட த்ரீ பேஸ் கரண்ட் இருந்தது எங்க குலசாமி புண்ணியம். வண்டிலயே ஈரத்துணி மாத்தி மாத்திப் போட்ட 108 அண்ணனுக்கும் அக்காவுக்கும், ராத்திரி முழுக்க ரத்தம் எடுத்து டெஸ்ட் பாத்த வார்டு சிஸ்டருங்களுக்கும் நன்றி. பருத்தி அக்காங்களே, அன்னைக்கு அரை நாள் கூலி போச்சு உங்களுக்கு, முந்தானைய நனைச்சு அவன் தலையில சுத்துனீங்களே, அத மறக்கவே முடியாது.

மீன்கார அண்ணே, வண்டிய நிறுத்திப் பொட்டில இருந்த ஐஸ் மொத்தத்தையும் தொட்டில கொட்டிட்டீங்க, மீனு பூரா கெட்டுச்சு, ரெண்டு தடவ காசு குடுத்தும் வாங்க மாட்டேன்னுட்டீங்க. ஞாயித்துக்கெழம வீட்டுக்கு சாப்புட வாங்கண்ணே, அண்ணியையும் புள்ளைங்களையும் கூட்டிக்கிட்டு. தம்பி வாசல்லயே நிப்பான்.