கண்ணாடியை யார் கழுவுவது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கடலோர விடுமுறை வீடுகள் பற்றிய உங்கள் சிறப்பிதழைப் பார்த்தேன். படங்கள் அழகு. ஆனால் அட்டைப்பட வீட்டுக்குக் கீழே, "கடலுக்கும் கட்டிலுக்கும் நடுவே வெறும் கண்ணாடிதான், இங்கே செய்ய ஒரு வேலையும் இல்லை" என்று போட்டிருக்கிறீர்களே, அதை எழுதியவர் அந்த வீட்டில் எத்தனை இரவு தங்கினார்?

நானும் என் மனைவியும் 16 வருடமாக அப்படி ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டு அழுகிறோம். எங்களுக்கும் தரையிலிருந்து கூரை வரை கண்ணாடிதான். போய் இறங்கியதும் முதல் வேலை கடலைப் பார்ப்பது இல்லை, கண்ணாடியில் படிந்த உப்பை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுவது. ஸ்லைடிங் கதவின் ரோலர் இரண்டாம் வருடமே இறுகிப்போனது. மேற்குப் பார்த்த வீடு வேறு. மதியத்துக்கு மேல் திரையை இழுத்து மூடி, ஏசி போட்டுக்கொண்டு உள்ளே கிடப்போம். கடல் பாட்டுக்கு வெளியே இருக்கும். ஏசியின் வெளி யூனிட்டும் வெளியேதான் இருக்கும், அரித்துக்கொண்டு. ஓர் அகலமான இறவாரமும் எதிரெதிரே நான்கு சன்னலும் வைத்திருந்தால் பகலில் கடற்காற்றே போதும். ஆனால் இறவாரம் படத்தில் எடுக்காதாம்.

படத்தில் மின்னும் அந்தக் கைப்பிடிக் கம்பி எந்த ரகம் என்றாவது கேட்டு எழுதியிருக்கலாம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 304 என்ற ரகம் கடலோரத்தில் சீக்கிரமே தேநீர் சிந்தினாற்போல் பழுப்பு கட்டும். மாலிப்டினம் என்ற உலோகம் சேர்ந்த 316 ரகம் கொஞ்சம் தாங்கும். அதையும் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். எங்களுக்குக் கட்டித் தந்தவர், "ஸ்டெயின்லெஸ்தானே சார், எல்லாம் ஒன்றுதான்" என்றார். அதே மனிதர் பால்கனித் தளத்துக்குள் இருக்கும் இரும்புக் கம்பியை மூடிப் போட்ட கான்கிரீட்டும் கனம் போதாது. உப்பு உள்ளே இறங்கிக் கம்பி துருப்பிடித்தது. துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்குமே, அது உள்ளிருந்து நெம்பி, ஒன்பதாம் வருடம் பால்கனியின் அடிப்பக்கம் பெயர்ந்து என் சாய்வு நாற்காலி மேல் விழுந்தது. நல்லவேளை, நான் அப்போதுதான் எழுந்து போயிருந்தேன், கண்ணாடி கழுவ.

இதையெல்லாம் மூன்று வருடத்துக்கு முன்பே எழுதினேன். நான்கு பக்கத்தையும் வெட்டிவிட்டு, "இதழ் அருமை" என்ற முதல் வரியை மட்டும் வெளியிட்டீர்கள். நன்றி. அப்புறம், இத்தனை வருடத்தில் துணி காயப்போடும் கொடி உள்ள ஒரு வீட்டையாவது காட்டியிருக்கிறீர்களா? கடலில் குளித்துவிட்டு வருகிறவர்களின் ஈரத் துணியெல்லாம் எங்கே போகிறது?

எளிய வாழ்வுக்கு உதாரணமாக, கட்டடக் கலைஞர் லெ கொர்புசியே 1952-இல் பிரெஞ்சுக் கடற்கரையில் போட்டுக்கொண்ட மரக் குடிலைச் சொல்லியிருக்கிறீர்கள். ஒரு பக்கம் 3.66 மீட்டர், சரி. அதில் சமையலறையே கிடையாது, ஒட்டியிருந்த உணவகத்துக்கு உள்ளிருந்தே ஒரு கதவு வைத்திருந்தார் என்பது உங்களுக்குத் தெரியாததா? அடுத்தவர் அடுப்பில் உலை கொதித்தால் நானும் எளிமையாக வாழ்வேன். அதே இடத்தில் வடிவமைப்பாளர் ஐலீன் கிரே 1929-இல் முடித்த வீடும் இருக்கிறது. வெயிலையும் காற்றையும் வேண்டிய அளவுக்கு மட்டும் உள்ளே விட, நகர்த்தக்கூடிய சட்டக் கதவுகளை யோசித்து வைத்தவர் அவர். அவருக்கு உங்கள் இதழில் ஒரு வரிகூட இல்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. இனி ஒவ்வொரு படத்துக்குக் கீழும் வீடு கட்டி முடித்த வருடத்தையும் படம் எடுத்த வருடத்தையும் போடுங்கள். இரண்டும் ஒரே வருடமாக இருந்தால் நாங்கள் புரிந்துகொள்வோம்.

இந்தக் கடிதத்திலும் ஏதாவது வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால், "படங்கள் அழகு" என்பதை வெட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
சந்தாவை இன்னும் நிறுத்தாத ஒரு வாசகன்