சல்ச்சுவாபா சண்டையைப் பாடமாக்குங்கள்: மத்திய அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். குவாத்தமாலா நகரில் கூடும் உங்கள் அவையில் எனக்கு வாக்கும் இல்லை, வழக்கும் இல்லை. உங்கள் நாடுகளின் வரலாற்றைத் தொலைவிலிருந்து விடாமல் படித்துவரும் ஒரு தமிழ் வாசகன் நான். 1885 ஏப்ரல் 2 அன்று எல் சால்வடோரின் சல்ச்சுவாபாவில் நடந்த சண்டை தொடர்பாக உங்களிடம் ஒரு கோரிக்கை வைக்கவே இதை எழுதுகிறேன்.

நடந்தது உங்களுக்குத் தெரிந்ததுதான். அந்த ஆண்டு பிப்ரவரி 28 அன்று குவாத்தமாலா அதிபர் ஹுஸ்தோ ருஃபினோ பாரியோஸ், மத்திய அமெரிக்காவின் ஐந்து குடியரசுகளும் இனி ஒரே நாடு, படைத்தலைமை தன்னுடையது என்று ஆணை பிறப்பித்தார். ஹோண்டுராஸ் தலையாட்டியது. நிகராகுவாவும் கோஸ்தா ரிக்காவும் மறுத்தன. மெக்சிகோவைச் சமாதானப்படுத்தத்தான் 1882 ஒப்பந்தத்தில் மெக்சிகோவின் கையிலிருந்த சியாபாஸ் பகுதி மீதான உரிமையை அவர் விட்டுக்கொடுத்திருந்தாரோ என்னவோ, அங்கிருந்தும் எதிர்ப்புதான் வந்தது. எல் சால்வடோர் அதிபர் ரஃபேல் சால்திவார், குவாத்தமாலாவுடன் நடந்த 1876 போருக்குப் பிறகு பாரியோஸின் தயவில் நாற்காலி ஏறியவர். அவரும் முதலில் இழுத்தடித்து, கடைசியில் எதிரணிக்குப் போய்விட்டார். பாரியோஸ் படையோடு எல்லை தாண்டினார். சல்ச்சுவாபாவில் குண்டடிபட்டு இறந்தார். மகன் வெனான்சியோவும் அதே களத்தில் மாண்டார். ஆணை சில நாட்களிலேயே ரத்தாயிற்று. ஜெயித்த சால்திவாரின் பதவியும் சில மாதங்கள்கூடத் தாங்கவில்லை.

ஒன்றியத்துக்காக உயிர்விட்டவரின் கதை என்று இதைச் சொல்லலாம். படையெடுத்து வந்த அண்டைநாட்டானை விரட்டிய கதை என்றும் சொல்லலாம். எல்லைக்கு எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதைப் பொறுத்த விஷயம் அது. இரண்டு கதைகளிலும் காப்பித் தோட்டம் இல்லை என்பதுதான் என் குறை.

பாரியோஸ் 1877 ஏப்ரல் 3 அன்று கூலியாட்களுக்கான 177ஆம் ஆணையைக் கொண்டுவந்தார். அவர் இறந்த நாளுக்கும் அந்த ஆணை எட்டு ஆண்டுகளை நிறைவு செய்யவும் இடையே ஒரே ஒரு நாள்தான். அந்த ஆணைப்படி தோட்டக் கூலி ஒவ்வொருவரும் கையில் ஒரு சிறு கணக்குப் புத்தகம் வைத்திருக்க வேண்டும். முன்பணம் எவ்வளவு, செய்த வேலை எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்று அதில் பதிவாகும். பாக்கி தீராமல் தோட்டத்தை விட்டுப் போக முடியாது. அதற்கு முந்தைய ஆண்டே, தோட்டக்காரர் கேட்டால் பூர்வகுடிக் கிராமங்களிலிருந்து ஐம்பது, நூறு பேர் என்று ஆள் அனுப்பிவைக்கும்படி மாவட்டத் தலைவர்களுக்குச் சுற்றறிக்கை போயிருந்தது. அந்தப் பக்கம் சால்திவார் என்ன செய்துகொண்டிருந்தார்? 1881இலும் 1882இலும் சட்டம் போட்டு, கிராமங்களின் பொதுநிலத்தை ஒழித்தார். அந்த நிலமும் பெருமளவு காப்பிக்குத்தான் போனது. எல் சால்வடோரின் மேற்கு மாவட்டங்களில்தான் 1932இல் நாவா பூர்வகுடி விவசாயிகள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள்.

ஆக, ஒன்றியத்துக்காக மோதிக்கொண்ட இருவரும் இந்த ஒரு விஷயத்தில் ஏற்கெனவே ஒன்றுபட்டுத்தான் இருந்தார்கள். அதற்கு ஆணையும் தேவைப்படவில்லை, படையும் தேவைப்படவில்லை.

பாரியோஸை வில்லனாக்கச் சொல்லவில்லை. இலவச, கட்டாய, மதச்சார்பற்ற தொடக்கக் கல்வியைச் சட்டமாக்கியவர் அவர்தான். குவாத்தமாலாவின் ஊதா நிற 5 கெட்சால் பணத்தாளை எடுத்துப் பாருங்கள்: முன்பக்கம் அவர் முகம், பின்பக்கம் ஆசிரியரும் பிள்ளைகளுமாக ஒரு வகுப்பறை. பெருமை நியாயமானதுதான். ஆனால் கூலியின் கணக்குப் புத்தகமும் அவர் ஆணையில் பிறந்த காகிதம்தானே?

உங்கள் அவை தரும் பரிந்துரைகள் உறுப்பு நாடுகளைக் கட்டுப்படுத்தாது என்று கேலி பேசுவோர் உண்டு. பதவி முடிந்த அதிபர்கள் ஒதுங்கும் இடம் என்பவர்களும் உண்டு. இந்த வேலைக்கு அந்தப் பலவீனமே வசதி. சல்ச்சுவாபா பற்றி இரு நாட்டுப் பள்ளிகளுக்கும் பொதுவாக ஒரே ஒரு பாடத்தைத் தயாரித்துப் பரிந்துரையுங்கள். ஆளுக்கொரு புத்தகம் வேண்டாம். பிப்ரவரி 28 ஆணை, 177ஆம் ஆணை, 1881, 1882 சட்டங்கள் ஆகியவற்றின் மூல வாசகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டு, யாருக்கு என்ன கிடைத்தது, யாருக்கு என்ன போனது என்று பிள்ளைகளையே கண்டுபிடிக்க விடுங்கள். ஸ்பானிஷோடு நிறுத்தாமல் குவாத்தமாலாவின் கிச்சே, எல் சால்வடோரின் நாவத் ஆகிய பூர்வகுடி மொழிகளிலும் வெளியிடுங்கள்.

குழு அமைத்தால் ஒரு வேண்டுகோள். ராணுவ வரலாறு எழுதுபவர் ஒருவர் போதும். மற்ற இடங்களைப் பழைய நிலப் பத்திரங்களைப் படிக்கத் தெரிந்தவர்களுக்கும், அந்த நிலங்களை இழந்த கிராமங்களின் ஆசிரியர்களுக்கும் கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வரலாற்றின் தமிழ் வாசகன்